பழுதைச் சரி செய்ய முடியாது

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினை நாளைக் காலை பத்து மணிக்குள் கெடுத்தாக வேண்டும். எங்கே தொடங்குவது என்றுதான் ஒற்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் பிழை திருத்தியவளுக்குப் பிழையே இல்லாத ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் வேண்டாத நேரத்தில்.

அந்தப் பெயர் அவளுக்கு, அவரவர் துணியை அவரவரே மெஷினில் போட்டுத் துவைத்துக்கொள்ளும் தெருமுனைச் சலவைக்கடையில் வந்தது. ‘ஈர துணியை தொங்க விட கூடாது’ என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், பேனாவை எடுத்து விட்டுப்போன மூன்று ஒற்றெழுத்துகளையும் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒற்று அக்கா. மற்றபடி அவளைக் கூப்பிட யாரும் இல்லை. அச்சகத்துத் தாள்கள் தபாலில் வரும், தபாலில் போகும். ஓரத்தில் அவள் கேள்விக்குறி போட்டால் எழுதியவர் ‘சரி’ என்று போட்டு அனுப்புவார். சில வாரங்களில் உலகம் அவளிடம் பேசிய ஒரே சொல் அதுதான்.

அந்தக் கடையை முதலாளி மூடப்போனபோது, இருபத்துமூன்று வீட்டுக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு பங்கு போட்டு வாங்கினார்கள். அதற்காகக் கூடிய கூட்டத்தில் எழுந்து, “என் மெஷின் செத்துப்போச்சுங்க. கடையும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள் அவள். கண்ணீர் நிஜம். மெஷின்தான் பொய்.

இரண்டு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் மூட்டையோடு போகிறாள். ஒருத்தியின் துணி அரை மெஷினுக்குக்கூட வராது என்பதால் போன வாரம் துவைத்த திரைச்சீலையையும் சேர்த்துக்கொள்வாள். ஆறு நாள் பேசாத தொண்டை முதலில் கரகரக்கும். பெஞ்சில் பக்கத்தில் கீழ்வீட்டுக்காரர், எதிரே தையல்காரி. தண்ணீர் சுழல்கிற சத்தத்துக்கு நடுவே யாராவது எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் கொண்டுவரும் சட்டைகளில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொள்வாள்.

வினை போன வாரக் கூட்டத்தில் வந்தது.

“தனி ஆள் கையில இருந்தப்ப நஷ்டம். நம்ம கைக்கு வந்ததும் ஆறு மெஷினுக்கும் ஓய்வே இல்ல,” என்றார் சங்கச் செயலாளர். “என்ன காரணம்னு எனக்கே பிடிபடல. வந்த லாபம் உறுப்பினருக்குத்தானே போகணும்? அதனால ஒரு மெக்கானிக்கை வெச்சிருக்கோம். வீடு வீடா வந்து உங்க மெஷினையெல்லாம் இலவசமா சரி பண்ணிடுவாரு.”

சிலர் கை தட்டினார்கள். கொசு அடிக்கிற மாதிரி இருந்தது.

மெக்கானிக் அவள் வீட்டுக்கு வருவது நாளைக் காலை பத்து மணிக்கு. மெஷின் சரியான பிறகும் எந்த முகத்தோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது? அதைவிட, கெடவே இல்லை என்று தெரிந்துவிட்டால்? பெஞ்சில் அவள் இடம் போய்விடும். வாரத்தில் ஏழு நாளும் பேச்சில்லாத திங்கட்கிழமையாகிவிடும்.

முதலில் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைத் திருகித் தளர்த்தினாள். அது மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது. பத்து நிமிடத்தில் கீழ்வீட்டுக்காரர் நனைந்த தலையோடு வாசலில் நின்றார்.

“என் கட்டில்மேல மழை பெய்யுதுங்க,” என்றார், கோபமே இல்லாமல். உள்ளே வந்து குழாயை மாட்டி, தரையைத் துடைத்து, பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். மெஷின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது.

“அருமையா ஓடுதே,” என்றவர் முகம் ஏனோ வாடிவிட்டது. “அப்போ இனிமே வியாழக்கிழமை வர மாட்டீங்களா?”

“இல்ல… மோட்டார்ல ஏதோ கோளாறு. திடீர்னு நின்னுடும்.”

“மோட்டார்னா கஷ்டம்தான்,” என்றார் உடனே. “ஒண்ணும் பண்ண முடியாது.”

மோட்டார் எப்படிக் கெடும் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டிலிருக்கும் மகனைக் கூப்பிட்டாள்.

“கெட்டுப்போச்சாம்மா? இருங்க… ஆச்சு, புதுசு ஆர்டர் போட்டுட்டேன். சனிக்கிழமை வந்துடும்.”

“வேணாம்டா, நான் கேட்டது…”

“பரவால்லம்மா. மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்.”

நாற்பது விநாடி. இப்போது கெடுக்க வேண்டிய மெஷின் இரண்டு.

கடைசியாகப் பித்தளைப் பேப்பர்வெயிட்டைப் போர்வையில் சுருட்டி உள்ளே போட்டாள். வீடே அதிர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பேப்பர்வெயிட் வாங்கிய அன்றுபோலப் பளபளத்தது. மேசையில் அதன் கீழே இருந்த பதினாறு அச்சுத்தாள்களும் தெரியாமல் போர்வைக்குள் சுருண்டுபோய்க் கூழாகியிருந்தன. மூன்று நாள் வேலை. மெஷினுக்குக் கீறல்கூட விழவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். வடிகட்டியிலிருந்து கொஞ்சம் காகிதக்கூழை எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓடவிட்டார்.

“என்னக்கா பிரச்சனை?”

“ஓடாது தம்பி.”

“ஓடுதே.”

“நீங்க இருக்கறதால ஓடுது. போனதும் நின்னுடும்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு நாற்காலி. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். உட்கார வேறு இடமில்லாமல் தன் கருவிப்பெட்டிமேலேயே உட்கார்ந்தார்.

அவள் தாள் எதையும் பார்த்துப் படிக்காமல், திருத்தாமல், வாயில் வந்ததைச் சொன்னாள். “ஓடுதுன்னு எழுதிடாதீங்க தம்பி. வியாழக்கிழமை எனக்குப் போக வேற இடம் இல்ல.”

மெக்கானிக் எழுந்தார். மெஷினை நிறுத்தினார். வீட்டில் சட்டென்று அமைதி வந்து உட்கார்ந்தது. நோட்டை எடுத்து, பத்தொன்பது என்று எண் போட்டு, நிதானமாக ஒரு வரி எழுதி அவள் பக்கம் திருப்பினார்: ‘பழுதை சரி செய்ய முடியாது.’

அவள் குனிந்து படித்தாள். கண் நேராக அந்த இடத்தில்தான் போய் நின்றது.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. ‘பழுதைச்’ சரி செய்ய… நடுவுல ஒரு ‘ச்’ வரணும்.”

“அப்படியா?” மெக்கானிக் பேனாவை அவளிடமே நீட்டினார். “அப்போ மேல பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்துப் போட்டுடுங்கக்கா, எல்லார் வீட்டு மெஷினும் ஜோரா ஓடுது, எல்லாருக்கும் இதையேதான் எழுதியிருக்கேன்.”