ஏழு பேருக்கும் எட்டாம் நம்பர்

"ஆறேகால் நம்பர் பூட்ஸா? அப்படி உலகத்துலயே கிடையாதுலா!" என்று தானா ராத்தா டவுன் பூட்ஸ் கடை முதலாளியான தவுக்கே போனை வைத்துவிட்டார்.

எஸ்டேட் ஆபீஸ் எழுத்தரான கிராணி சுகுமாரன், ஏழு பெண்களின் கால் அளவு எழுதிய தாளை மறுபடி பார்த்தார். நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு, எட்டு, எட்டு, எட்டு. கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி ஆறேகாலுக்கு ஒரு நூலிழை மேல். கணக்கில் பிழையில்லை; பிழை உலகத்தினுடையது.

சனிக்கிழமை பிரிஞ்சாங் திடலில் கயிறு இழுக்கும் போட்டி. எஸ்டேட் பெண்கள் மூன்று ஆண்டுகளாகச் சேற்றில் வழுக்கித் தோற்றிருந்தார்கள். இம்முறையும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்து ஜெயிக்கவைப்பதாக வாக்களித்தவர் சுகுமாரன். கடையிலோ ஒரு கட்டுக்கு ஒரே அளவுதான், பிரித்துத் தரமாட்டார்கள்.

பெண்களின் பாதத்தை அளப்பது முறையன்று என்று கருதிய அவர், ஒவ்வொருவராக ஆபீசுக்குள் அழைத்து, அவர்கள் போட்டுவந்த பழைய பூட்ஸின் அடியில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டார். பூட்ஸ் இல்லாமல் தேயிலைக்குள் இறங்குபவருக்குக் குழுவில் இடமில்லை என்று முன்னரே எச்சரித்திருந்ததால், ஏழு பேரும் பூட்ஸோடுதான் வந்தார்கள். வாசற்படியில் கங்காணி காளியப்பன் மட்டும் ஏனோ அன்று வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

சராசரி கைவிட்டதும் சுகுமாரன் நடு எண்ணை எடுத்தார். ஆறு.

"எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்லா!" என்று குழுவின் ஆறாம் நம்பர்க்காரி சரோஜா துள்ளினாள்.

"அப்ப நீயே ஒண்டியா இழு!" என்றாள் பாஞ்சாலை.

அன்று மாலைப் பயிற்சிக்குச் சரோஜா மட்டும் வந்தாள். கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை.

கடைசியில் சுகுமாரனுக்கு முகடு கைகொடுத்தது. பட்டியலில் அதிகத் தடவை வருவது எதுவோ அதுவே முகடு: எட்டு. பாஞ்சாலை, நீலா, குணவதி மூவருக்காவது கச்சிதமாகப் பொருந்தும்.

பூட்ஸ் வந்தது. ஒருவருக்கும் பொருந்தவில்லை. பாஞ்சாலையின் கால் உள்ளே எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"உனக்கு எட்டுதானே?"

"குளிருக்குக் கால் சுருங்கிடுச்சுங்க கிராணியையா."

சுகுமாரன் சாக்குத்துணி கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை ஏழு பேரும் அதைத் திணித்துக்கொண்டு களமிறங்கினார்கள்.

விசில் ஒலித்தது. அகன்ற பூட்ஸ்கள் சேற்றில் முளையடித்தாற்போல் நின்றன. எதிரணியான திரிங்காப் ஊர்ப் பெண்கள், ஈரப் பலகையில் சோப்புக்கட்டி வருவதுபோல் ஒருவர் பின் ஒருவராக வழுக்கி வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் இழுப்பிலும் அதே கதிதான். திடல் அதிர்ந்தது. பாஞ்சாலை கோப்பையைத் தலைமேல் தூக்கி ஆடினாள். துரையே இறங்கிவந்து கிராணியின் கையைக் குலுக்கினார்.

"ஏழு பேர்ல மூணு பேருக்கு எட்டாம் நம்பருங்க, துரை!" சுகுமாரனின் குரல் வாழ்நாளில் முதன்முறையாக உயர்ந்தது. "கணக்கு பொய் சொல்லாது!"

பின்னால் வெறுங்காலோடு நின்ற காளியப்பன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த மூணு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு உள்ள வந்தது என் பூட்ஸ்தான், கிராணி. அதான் புதுசு வந்துடுச்சே, என்னோடதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."