அத்தானின் புதுப் பிராசஸர்

கடைசி வளைவில் கார் மறுபடியும் திக்கி நின்றது. திரை அப்படியே உறைந்து, ஒரு மூச்சு விட்டு எழுந்து, காரை எங்கோ முன்னால் கொண்டுபோய்ப் போட்டது. அப்படியும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் ஜெயித்தார்.

"எப்படி அத்தான் முடியுது உங்களால?" என்றது ஹெட்போனில் மச்சானின் குரல். மனைவியின் தம்பி. வேறு ஊரில் இருந்தாலும் மாலையானால் இருவரும் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விடாமல் இருக்க மாட்டார்கள்.

"திக்குற மெஷின்லயே இப்படின்னா, நல்ல மெஷின் இருந்தா என்னை யாரு பிடிக்க முடியும் மச்சான்?"

சொன்ன பிறகு, அது உண்மைதானே என்று அவருக்கே பட்டது. அந்தச் சூட்டோடு வியாபாரிகள் சங்கம் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் கம்ப்யூட்டர் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார். கண் பரிசோதிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தார்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை மாற்றினால் போதும் என்றார்கள் தெரிந்தவர்கள். பட்ஜெட்டுக்குள் ஒன்று இருந்தது. கொஞ்சம் எட்டிப் பிடித்தால் இன்னொன்று. சாப்பாட்டு மேசையில் இரண்டின் படங்களையும் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"கடைக்கு வர்றவங்களுக்குக் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேப்பீங்களே. இப்ப நான் கேக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"கேளு."

"சோபா உறைக்கு எடுத்து வெச்ச காசுல கை வைக்கிறது தெளிவா, வைக்காம இருக்கிறது தெளிவா?"

"தீப்பெட்டி அளவு சாமான்டி அது!"

"சோபா எவ்வளவு பெருசு. தீப்பெட்டி எவ்வளவு சின்னது. காசு மட்டும் எப்படி ஒண்ணா இருக்கு?"

விலை குறைந்ததையே வாங்கினார். கம்ப்யூட்டர் கடைக்காரம்மா அவருடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது பழைய மதர்போர்டுல உட்காராது சார்."

மதர்போர்டை மாற்றினார். புது மதர்போர்டில் பழைய ரேம் நுழைய மறுத்தது. ரேமையும் மாற்றினார். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்துக் கொடுத்து பவர் சப்ளை மயங்கி விழுந்தது. அதையும் மாற்றினார். சோபா உறையோடு ஜன்னல் திரைச்சீலையும் போயிற்று. அதோடு விடுமுறைப் பயணமும் போயிற்று. கழற்றிய பழைய சாமான்களைக் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள்.

"பழசுல என்னதான் மிச்சம்?" என்றாள் மனைவி.

"வெளிப்பெட்டி."

"அப்ப நீங்க பிராசஸரை மாத்தல. பெட்டியை வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டரை மாத்தியிருக்கீங்க."

அன்று மாலை பாதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. அவர் தோற்றார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் தோற்றார், இந்த முறை கண்ணுக்கெட்டாத தூரத்தில்.

"புது மெஷின், கை பழகணும் அத்தான்," என்று ஆறுதல் சொன்னான் மச்சான்.

கை பழகவில்லை. நாற்காலியை உயர்த்திப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார். தன் கண்ணையே பரிசோதித்துக்கொண்டார்; கண் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார்."

"அப்ப குறை எங்கம்மா?"

கடைக்காரம்மா நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி மேசையைத் துடைத்தாள்.

"என் பழைய பிராசஸரையாவது திருப்பிக் குடுத்துடுங்க."

"அது அன்னைக்கே வித்துப்போச்சே!"

மறுநாள் பந்தயம். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஒருவேளை மச்சானும் ரகசியமாகப் புதுசு வாங்கிவிட்டானோ? அந்த நினைப்பு வந்ததும் மனசு கொஞ்சம் லேசானது. போன் போட்டார். மச்சானின் மகள் எடுத்தாள்.

"அப்பா குளிக்கிறாரு மாமா."

"சரி கண்ணு, நீயே சொல்லு. அப்பா புது கம்ப்யூட்டர் ஏதாவது வாங்கினாரா?"

"இல்லியே. எங்களது அதே பழசுதான். நீங்க வாங்கினதுலதான் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்!"

"ஏம்மா?"

"உங்க கார் திக்கி நிக்கிறப்பல்லாம், பாவம்னு அப்பாவும் பிரேக் போட்டு நிப்பாரு இல்ல? இனிமே அந்தத் தொல்லை இல்லையாம், மாமா!"