அடிப்பூச்சு அன்னமேரி இலாகா

வாழ்க்கையில் ஒரே ஒரு சிவப்பாவது வேண்டும் என்று ஞானசேகரன் முடிவு செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்துநாலு. சட்டை வெள்ளை. ஆபீஸ் சுவர் வெள்ளை. மீசையும் போன வருஷம் அந்தக் கட்சிக்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது தாராவிக் குடியிருப்பின் காம்பவுண்டில் நின்ற பழைய பத்மினி கார் ஒன்றுதான்.

அதற்கு அகல டயர் போட்டார். சீட்டைத் தரையோடு தாழ்த்தினார். ரேஸ் வண்டி ஸ்டீயரிங் மாட்டினார். பெயிண்ட் மட்டும் பாக்கி. பளபளக்கும் செர்ரிச் சிவப்பு டின் கட்டிலுக்கடியில் காத்திருந்தது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து பார்த்துக்கொள்வார். சனிக்கிழமைக்குள் வண்டி கார் மாதிரி தெரியாவிட்டால் காயலான்கடைதான் என்று குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் நாணு மூக்காலேயே சொல்லிவிட்டிருந்தார்.

கட்டி இருபத்திரண்டு வருஷமான மனைவி அன்னமேரிக்கோ வெள்ளைதான் வேண்டும். ஏன் என்றால், "நாலு காரியத்துக்கு ஆகும்லா" என்பாள். நாலில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டாள். மூன்று நாள் வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசியது. நாலாம் நாள் ஞானசேகரன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"சரிட்டி, பாதிப் பாதி. அடிப்பூச்சு உன் இலாகா. மேல்பூச்சு என் இலாகா."

"அடிப்பூச்சு வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் எனக்கு எதுக்கு?"

"அஸ்திவாரம்ட்டி. அது இல்லாம வண்டியே இல்ல."

அன்னமேரி கொஞ்ச நேரம் வெண்டைக்காய் நறுக்கினாள். "சரிங்க. உங்க இஷ்டம்."

அந்த 'உங்க இஷ்ட'த்தைக் கேட்டதுமே அவர் சுதாரித்திருக்க வேண்டும். விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை அவர் ஆபீஸில் இருந்தபோது, அன்னமேரி குடையும் கையுமாக நின்று பெயிண்டர் அப்ராரை அடிப்பூச்சு அடிக்க வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஞானசேகரன் சிவப்பு டின்னோடு கீழே இறங்கினார். தகரக் கூரைக்கடியில் கார் சாம்பல் நிறத்தில், துக்கம் விசாரிக்க வந்த ஆள் மாதிரி நின்றது. வானமும் அதே நிறம்.

அப்ரார் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மாதிரி மெல்லக் கீழே வைத்தார்.

"நடக்காது அண்ணா. உங்க சிவப்பு பி.யூ., ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது. கீழ இருக்கறது என்.சி., பழைய சரக்கு. ரெண்டுக்கும் ஆகாது. இதுமேல அதை அடிச்சா அடியெல்லாம் பொங்கி, அப்பளமாட்டம் சுருங்கிடும்."

"என்.சி.க்கு மேல என்னதான் அடிக்கலாம்?"

"என்.சி.தான்."

"அதுல சிவப்பு?"

"இந்தப் பளபளப்பு வராது. சாதாச் சிவப்புகூட ஆர்டர் குடுத்தா புதன்கிழமை."

சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடிக்க மூன்று நாளாகுமாம். நாளைக்குச் சனிக்கிழமை. அப்ராரிடம் என்.சி.யில் கைவசம் இருந்ததெல்லாம் பழைய ஃப்ரிட்ஜுக்கு அடிக்கிற சரக்கு. மூடிகளைத் திறந்து மரியாதையாக வரிசையில் வைத்தார். வெள்ளை, பால் வெள்ளை, முட்டை வெள்ளை, ஆம்புலன்ஸ் வெள்ளை.

"எடுங்க அண்ணா. மேல்பூச்சு உங்க இலாகாவாமே, அன்னமேரி பாபி சொன்னாங்க."

"வேற என்ன சொன்னா?"

அப்ரார் ஒரு கையை இடுப்பில் வைத்து, அன்னமேரியின் இழுப்பிலேயே சொன்னார். "எந்த அடிப்பூச்சு அடிச்சா அந்தச் சிவப்பு ஒட்டாது பாய், அதச் சொல்லுங்க."

மழை பிடித்துக்கொண்டது. ஞானசேகரன் நாலு டின்னையும் வெகுநேரம் பார்த்தார். இதுவரை அவர் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை. முதல்முறை ஒரு நிறம் கேட்டதற்கு நாலு வெள்ளை கிடைத்திருக்கிறது. பால் வெள்ளையைக் காட்டிவிட்டு மாடியேறினார்.

அன்னமேரி போனில் இருந்தாள். வெள்ளைதான், பூ அலங்காரம் நாங்களே செய்துவிடுவோம் என்று யாரிடமோ உறுதி சொல்லிவிட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாணமாம். மணப்பெண்ணைக் கொண்டுபோய் இறக்க வேண்டுமாம். அடுத்த மாசத்தில் இன்னும் மூன்று கல்யாணத்துக்குக் கார் வாடகை பேசியாகிவிட்டதாம்.

"ஓட்டுறது யாரு?" என்றார் ஞானசேகரன்.

"வாயே தொறக்காத டிரைவரா வேணும்னாங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவம்னு சொல்லிட்டேன்."