தியானம் அண்ணன் வீட்டுக் கேதம்

பிள்ளைகளே, நானூறு வருசத்துக்கு முன்னால் இறந்தவருக்காக லீவு கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். போடியில் நான் எடை போடும் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், அவர் மூட்டை தைத்தார். நாங்கள் வைத்த பெயர் 'தியானம்'.

குரங்கணியில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. புராட்டஸ்டண்ட் சபை தோன்றி நூறு வருசம் ஆன காலத்து ஜெர்மன் போதகர் ஒருவரின் வாழ்க்கையும், அவர் எழுதிய தியானங்களும் அதில் தமிழில் இருந்தன. அன்றிலிருந்து அந்தப் போதகர் அண்ணனுக்கு "நம்ம பெரியவர்". பெரியவருக்குக் காய்ச்சல் என்ற பக்கம் வந்தால் இவரும் கஞ்சிதான் குடிப்பார். பெரியவர் கல்யாணம் செய்த அத்தியாயத்துக்கு எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். இத்தனைக்கும் அண்ணன் நெற்றியில் எப்போதும் திருநீறு. "பெரியவர் தப்பா நெனைக்க மாட்டாரு" என்பார்.

ஒருநாள் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. கண் சிவந்து முதலாளி முன்னால் நின்றார்.

"பெரியவர் தவறிட்டாருங்க. நாளைக்கு லீவு வேணும்."

"அடடா! எப்ப?"

"நானூறு வருசமாச்சுங்க."

"ஏலே, நாளன்னைக்கு ஏலம். லோடு அப்பிடியே கெடக்கு. நாளைக்கு வரலேன்னா ஒனக்கு இங்க சோலி இல்ல, பாத்துக்க!"

அண்ணன் நேராகப் போய், புத்தகத்திலிருந்த படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை பெரியவர்தான். நீளத் தாடி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி.

"கழுத்துல என்னடி கட்டு?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டார் காய் பொறுக்கும் ராசாத்தியக்கா.

"சுளுக்கு போலக்கா. அதுலயே போயிட்டாரோ என்னமோ!"

எங்கள் பக்கம் கேதத்துக்கு, அதாவது துக்கம் கேட்கப் போகாவிட்டால் ஆயுசுக்கும் பகை. காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் மாலையோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து ஒரு ஜீப்பு நிறைய ஆள் வந்தது. யாரோ கொட்டு மேளத்துக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஆளில்லாத கிட்டங்கியைப் பார்த்த முதலாளி, அண்ணனை வேலையைவிட்டு நீக்கியே தீருவதென்று வந்தார். பந்தலைப் பார்த்ததும் துக்கம் கேட்க அவர் கை தானாக நீண்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டது.

"பொணத்தக் காணமேண்ணே?" என்றார் ராசாத்தியக்கா.

"அடக்கம் பண்ணி நானூறு வருசமாச்சு ஆத்தா."

கொட்டு நின்றது. முதலாளி கையை விடுவித்துக்கொண்டார். அண்ணன் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெரியவர், காலித் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடவுளிடம் பேசுகிற பக்கம் அது.

"நானூறு வருசமானா என்ன? பச்சப்பிள்ளையத் தூக்கிக் குடுத்திருக்காரேய்யா!" என்று ராசாத்தியக்கா ஒப்பாரியை எடுத்தார். கொட்டு மறுபடி முழங்கியது. முதலாளியும் மூக்கைச் சிந்தினார்.

"மூணு நாள் கழிச்சு வா. காரியம் முடிக்காம வந்தா நல்லாருக்காது."

அந்த மூன்று நாளும் அண்ணனின் மூட்டைகளை நான்தான் தைத்தேன். விரலெல்லாம் ஊசிக்குத்து. துக்க வீட்டுக்காரருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி, பிள்ளைகளே?