நூலகர் போட்ட பூட்டு

நூலகத்துக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் ஒரு ஆபாச எழுத்துகூட எட்டிப் பார்க்கக் கூடாது என்று நூலகர் சபதம் போட்டார். மூலைக் கம்ப்யூட்டரைச் சுற்றி வாலிபர்கள் ஈ மாதிரி அப்பிக் கிடந்தார்கள். பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவையும் பார்த்தார். அப்புறம்தான் புகார் கொடுத்தார்.

கம்ப்யூட்டர்களில் கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் வடிகட்டி போட ஆள் வந்தான். எந்தெந்த வார்த்தைகளைத் தடுக்க வேண்டும் என்று நூலகர் எழுதித்தர வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது என்றார் கமிட்டித் தலைவர்.

"பூட்டுறவரே திறந்து பார்த்துட்டா?"

நூலகருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நூலகத்துக்கு வெளியே ரகசியத்தைக் காக்கிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள். பாஸ்வேர்டைத் தன் வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து வார்த்தைகளை எழுதிக்கொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, முக்கியமானதை விட்டுட்டீங்களே."

"எதை?"

"மார்பகம்."

நூலகர் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசு! பக்கத்து வீட்டம்மா காதுல விழப்போகுது."

"அவங்களுக்கும்தான் இருக்கு."

"எழுதக் கை கூசுதும்மா."

"கல்யாணம் ஆனதுலேருந்து வாய் கூசுது. இப்பக் கையுமா? கொடுங்க, நானே எழுதுறேன்."

எழுதினாள். கொட்டை எழுத்தில்.

மறு வாரமே கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். "சார், தாய்ப்பால் கொடுக்கிறதைப் பத்திப் படிக்கணும். எதைத் தொட்டாலும் தடுக்குதே?"

"எல்லாம் ஊர் நல்லதுக்குத்தாம்மா."

"பிள்ளை பட்டினி கிடக்கிறதா சார் ஊருக்கு நல்லது?"

வீட்டில் இதைச் சொன்னார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இது நான் நினைச்சுப் பார்க்காததுங்க," என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மெலிந்தாள். மேல்தட்டுப் பாத்திரத்தை எடுக்கக் கை எட்டவில்லை என்று அவரைக் கூப்பிட்டாள். தங்கை வீடு தங்கை வீடு என்று அடிக்கடி கிளம்பினாள். ஒருநாள் காலை காப்பிக்குச் சர்க்கரை தேடியபோது, டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பெயரை மனப்பாடம் செய்துகொண்டு நூலகத்துக்கு ஓடினார்.

மாத்திரைப் பெயரைத் தட்டினார். திரை சிவந்தது. 'தடை செய்யப்பட்ட சொல்: மார்பகம்.'

வேறு பக்கம் போனார். அதே சிவப்பு. இன்னொன்று. அதே சொல். அவளுக்கு நோய் எங்கே என்று வடிகட்டி சொல்லிவிட்டது. என்ன நோய், எவ்வளவு முற்றியிருக்கிறது, பிழைப்பாளா என்பதெல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அலமாரியிலிருந்த மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கங்களை மட்டும் எந்த வாலிபனோ எப்போதோ கிழித்துக்கொண்டு போயிருந்தான்.

நூலகத்தைத் திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கு?"

"நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு கேட்குது."

"என்னத்தைப் பத்தி?"

"அது வந்து... உடம்புல..."

"உடம்புல எங்க?"

நூலகர் கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோய், பாதியில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"பாஸ்வேர்டை மாத்தியாச்சுங்க," என்றாள். "மாத்திரை அட்டையைத் தலைகீழா வச்சுட்டுப் போனீங்கல்ல? அப்பவே வடிகட்டி போட்டவனுக்குப் போன் பண்ணி மாத்தச் சொல்லிட்டேன். இப்ப அது எனக்கே தெரியாது."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப, ஊருக்குன்னு போட்ட பூட்டு..."

"அந்த ஒரு வார்த்தை மட்டும் உங்களுக்குப் போட்டது. போன வருஷம் எனக்கு இருமல் வந்தப்ப என்ன பண்ணீங்க? கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு வந்து எனக்கு டஜன் வியாதி சொன்னீங்க. தூங்க விட்டீங்களா? மூச்சு வருதான்னு மூக்குல விரலை வச்சுப் பார்த்தீங்க. நோயையும் தூக்கிக்கிட்டு உங்களையும் தூக்க எனக்குத் தெம்பில்லைங்க."

நூலகர் சட்டைப் பொத்தானை மறுபடியும் சரிசெய்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணு கேட்குது," என்றார் நூலகர். "இது வந்தவங்க பிழைப்பாங்களான்னு."

"டாக்டரே தெரியலங்கிறார். கம்ப்யூட்டர் என்னத்தச் சொல்லும்? வியாழக்கிழமை ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்துடுவாங்களாம்னு சொல்லுங்க."

"எதை?"

"உங்க வடிகட்டி தடுத்ததைத்தான்."

நூலகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அந்தப் பொண்ணு... அழுதா என்ன பண்றது?"

"அழட்டும். அழுது முடிச்சு, மீசையை நல்லாத் துடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. புருஷன் கையெழுத்து வேணுமாம்."