மின்பெட்டிக்குள் உன் கேக்

அன்பும் மரியாதையும் நிறைந்த ப்ளோட்வென் அக்காவுக்கு, ரோண்டா நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தம்பி ஹைவெல் எழுதுவது. இங்கே நானும் மழையும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் மூட்டுவலியும் சௌகரியமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

அக்கா, இந்த ஊரில் இனி என்னால் காலம் தள்ள முடியாது. சுரங்கத்தில் எங்காவது மின்சாரம் கசிந்தால் மின்பெட்டிக்குள் இருக்கும் விசை தானாக விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். இல்லாவிட்டால் தொட்டவன் செத்தான், பொறி பறந்து வாயுவில் பற்றினால் மொத்தப் பேரும் செத்தோம். கொஞ்சம் ஈரம் பட்டாலும் அது விழும், விழுந்தால் இயந்திரம் நிற்கும், நிலக்கரி நிற்கும், கூலி குறையும், எலக்ட்ரீஷியனாகப் பிறந்த பாவத்துக்கு ஊரே என்னைத் திட்டும். 'கும்மிருட்டு ஹைவெல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சவரக்கடை க்ளெட்வின் பாதி முகத்தை மழித்துவிட்டுக் கத்தியை மடக்கிவிட்டான். "கரண்ட் போயிடுச்சுப்பா. வர்ற வரைக்கும் உக்காரு. சுரங்கத்துல எங்க ஆளுங்க உக்காரலியா?" என்றான். அரைத்தாடியோடு போய் ஜெபக்கூடத்தில் பாடினேன்.

அது போகட்டும். கொஞ்ச நாளாக விசை விழவே இல்லை. ஊர் என்னிடம் சிரித்துப் பேசியது, எனக்கோ சந்தேகம் தட்டியது. நேற்றுப் பெட்டியைத் திறந்தால், விசை விழாதபடி ஒரு கேக் முட்டுக்கொடுத்திருக்கிறது. திராட்சை போட்ட, தட்டினால் 'டங்' என்கிற கேக். கோபித்துக்கொள்ளாதே அக்கா, இந்தப் பள்ளத்தாக்கில் அவ்வளவு கெட்டியாகச் சுடுகிறவர்கள் யாருமில்லை. என்னோடு சுரங்கத்தில் வேலை செய்யும் உன் மகன் எம்ரிஸுக்கு ஸ்வான்சியிலிருந்து நீ தபாலில் அனுப்பியதுதான் அது.

கேட்டால், "மரக்கட்டை வச்சா நசுங்கிடுது மாமா, அம்மா கேக்குதான் நிக்குது" என்கிறான், கூச்சநாச்சமில்லாமல். மேலாளரிடம் சொன்னால் அவன் வேலை போய்விடும், வேறு எந்தச் சுரங்கத்திலும் சேர்க்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு வேறு எதையாவது செருகுவான். உன் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு, கேக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன். அழுகையாக வருகிறது, அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும் அடுப்பு அணையாமலும் இருக்கட்டும்.

உன் தம்பி,
ஹைவெல்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. இன்று காலை பாறை சரிந்து மின்கம்பி நசுங்கி, இயந்திரத்தில் மின்சாரம் கசிந்தது. அப்போது எம்ரிஸின் கை இயந்திரத்தின் மேல் இருந்தது. விசை விழுந்தது. மேலே வந்ததும் என்னிடம் சண்டைக்கு வந்தான். "உங்க பொட்டியால இன்னைக்கும் கூலி போச்சு மாமா!" அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஒன்றும் புரியாமல் நின்றான். நேரே போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் வேலை போய்விட்டது. சனிக்கிழமை ரயிலில் உன்னிடம் வருகிறான். இனி என்னோடு பேசமாட்டாய், தெரியும். என்னை ஆயுசுக்கும் திட்டு, அக்கா. கூடச் சேர்ந்து திட்ட அவன் உன் பக்கத்தில் இருப்பான்.