காருக்குப் பன்னிரண்டு கிலோ புளி

துருவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இரும்பு இருக்கும் இடத்துக்கு அது வரும், தன் வேலையைப் பார்க்கும், யாருக்கும் புத்தி சொல்லாது. என் கோபமெல்லாம் புத்தி சொன்னவர்கள் மேல்தான். அதிலும் சரியான புத்தியை, சரியான நேரத்தில், எனக்குப் புரியும்படியே சொன்னவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நியாலாஸில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. கல்யாணமாகி மூன்று வருடம். எங்களிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. நான்கு கதவும் ஒழுங்காக மூடும், மழை பெய்தால் உள்ளே நனையாது. அதை விற்றுவிட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். (ஆமாம், விற்றுத்தான். இப்போது நீங்கள் நினைப்பதையே என் மாமியாரும் சொன்னார், கொஞ்சம் உரக்க.)

ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஓட்டிய கார் அது. தோட்ட ஆபீஸில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் உர மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். நீளமான மூக்கு, வட்ட விளக்குகள், கூரை கிடையாது. நிறம் பச்சை என்று கிராணி சத்தியம் செய்தார். நான் பார்த்தபோது முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தது. ஆனால் நான் பார்த்தது காரையா? அதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையல்லவா!

வீட்டுக்கு இழுத்து வந்து பக்கவாட்டு மண் தரையில் நிறுத்தியதும் என் மனைவி ரோஸ்லின் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"வர்ற கிறிஸ்மஸ் காலையில உன்னை இதுல உக்கார வெச்சு ஜாசின் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், பாரு" என்றேன்.

"அதுவரைக்கும் நான் கிளினிக் வேலைக்கு எதுல போறது?"

"பஸ்லதான்."

பதினொரு மாதம் அவள் பஸ்ஸில் போனாள். மழையில் நின்று, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, ஜாசினில் இறங்கி நடந்தாள். ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. சமையலறைக் காலண்டரில் டிசம்பர் இருபத்தைந்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வட்டத்துக்கு என்ன பதில் சொல்வது?

மெக்கானிக் மணி அண்ணன் நவம்பரில் எஞ்சினை ஓடவைத்துவிட்டார். கிடைத்த சாமானையெல்லாம் வைத்து எப்படியோ பிரேக்கையும் பிடிக்கவைத்தார். பிறகுதான் அந்த மன்னிக்க முடியாத புத்தியைச் சொன்னார்.

"தம்பி, காடி ஓடும். ஆனா பாடிக்கு மணல் அடிச்சுத் துருவை எடுத்து, கீழ புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். நான் ஓட்டிப் பாக்குறதுக்காக டிரைவர் பக்கம் மட்டும் ஒரு தகடு வெச்சிட்டேன். இப்பக் காசு இல்லன்னா சும்மா விடுங்கலா. தங்கச்சி சீட்டுக்குக் கீழ ஒரு பலகையைப் போட்டு, துருவோடயே மெதுவா கோயிலுக்குப் போயிட்டு வாங்க. மத்ததை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

துருவோடயே! என் மனைவியை! பட்டுப் புடவையில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடம் தேநீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். மணல் அடிக்க நிஜமாகவே காசில்லை. ஆனால் என்னிடம் அறிவு இருந்தது. அதுதான் பிரச்சினை.

சிறுவயதில் நான் கோயிலில் பூசை உதவிக்கு நின்றவன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்ப்பது என் பொறுப்பு. புளியும் உப்பும் சேர்த்துக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துக் கழுவினால் தங்கம் தோற்றுவிடும். பங்குச் சாமியாரே என் கையைப் பிடித்துப் பாராட்டியிருக்கிறார். பித்தளைக்குச் சரிப்பட்டது இரும்புக்கு ஏன் சரிப்படாது? உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரப்பட்டிருக்கலாம். அன்று நான் மெழுகுவர்த்தித் தண்டு தேய்க்கப் போயிருப்பேன்.

காதர் பாய் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு கிலோ புளி கேட்டேன்.

"என்னா தம்பி, சாப்பாட்டுக் கடை போடப் போறீங்களா?"

"இல்ல பாய், காடிக்கு."

அவர் புளி மூட்டையை அவிழ்த்தார். "கொட்டை எடுத்ததா, எடுக்காததா?"

"எடுக்காதது போதும், அதுதான் மலிவு."

"இஞ்சி, பூண்டு ஏதாச்சும்?"

கடையில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். ஒரு விஞ்ஞானியை இந்தச் சமூகம் எப்படி நடத்துகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் இருபத்து மூன்று. லீவு போட்டுவிட்டு, மூன்று வாளி நிறையப் புளியும் உப்பும் கரைத்து, கார் முழுக்க அப்பி, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். தண்டுக்குக் கால் மணி நேரம் என்றால் காருக்கு அரை நாளாவது வேண்டும் என்று கணக்குப் போட்டு, பசியாறிவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

எழுந்து வந்தபோது தோட்டத்துக் குரங்குகள் மொத்தமும் என் கார் மேல் இருந்தன. சாக்கைக் காணோம். ஒன்று விளக்கை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு, வாளிக்காகச் சண்டை போட்டன. தலைவன் மாதிரி ஒரு தடியன் இடது பக்க இருக்கையில், ரோஸ்லினுக்காக நான் புது உறை தைத்துப் போட்ட இருக்கையில், சாய்ந்து உட்கார்ந்து புளியங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தான். நான் கத்தியதும் என்னைப் பார்த்தான். டிரைவர் வந்துவிட்டார் என்கிற பார்வை.

அவர்களை விரட்டிவிட்டுக் குழாயைப் பிடித்தேன். அடடா! தண்ணீர் போன இடமெல்லாம் இரும்பு பளிச்சென்று சிரித்தது. இடது பக்கத் தரையில்தான் துரு அதிகம் என்பதால் அங்கே நன்றாகச் சுரண்டினேன். ஒரு வாளி நிறையத் துருத்தூள் வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொட்டினேன். (அந்த வாளியில் இருந்தது துரு இல்லை, காரின் தரை என்று பிறகு மணி அண்ணன் விளக்கினார். அதையும் பொறுமையாக விளக்கினார். அந்த மனிதருக்கு இரக்கமே கிடையாது.) மறுநாள் வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டைத் தூரிகையால் பூசி, தரைக்குக் கம்பளத் துண்டு ஒன்றை விரித்து, தாமான் முழுக்கச் சொல்லிவிட்டேன்: நாளை காலை ஏழரைக்கு வாசலுக்கு வாருங்கள்.

வந்தார்கள். காதர் பாய்கூட வாழ்த்துச் சொல்ல ஒரு டின் பிஸ்கட்டோடு தன் குட்டி லோரியில் வந்திருந்தார். கார்தான் நேற்றைய கார் இல்லை. உப்பு தன் வேலையைக் காட்டியிருந்தது. பச்சைக்கு நடுவில் புதுத் துரு, அம்மை போட்டதுபோல் முளைத்திருந்தது. "காலை வெயில்ல அப்படித் தெரியுது" என்று எல்லோருக்கும் அறிவித்தேன்.

ரோஸ்லின் மெரூன் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு வந்தாள். பதினொரு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்து பிடித்தேன். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுற்றிப் போய் என் பக்கம் ஏறினேன்.

'மொடக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் திரும்பினால் மனைவியைக் காணோம். இருக்கை, கம்பளம், ரோஸ்லின் எல்லாம் நேராகக் கீழே போய் மண்ணில் நின்றிருந்தன. வெளியே நின்றவர்களுக்குக் கதவுக்கு மேல் மல்லிகைப்பூ மட்டும் தெரிந்தது.

 அந்த நேரத்தில் ஒரு கணவன் கேட்க வேண்டியது "அடிபட்டுச்சா?" என்பதுதான். நான் கேட்டது, தாமான் முழுக்கக் கேட்கும் குரலில்:

"குரங்கு உக்காந்தப்பத் தாங்குச்சே!"

அது ஒரு தொழில்நுட்பக் கருத்து. எடை பற்றிய ஒப்பீடு அல்ல. இதைப் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன், கேட்பதற்கு ஒரு நாதி இல்லை.

காதர் பாய்தான் பிஸ்கட் டின்னைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "கையைக் குடும்மா" என்று அவளைத் தூக்கிவிட்டார். அடி எதுவும் இல்லை. புடவையில் துரு. "பூசைக்கு நேரமாச்சு, லோரில ஏறு தாயி" என்றார். அவள் முன்னால் உட்கார்ந்து ஜாசினுக்குப் போனாள். நான் பின்னால் வெங்காய மூட்டைகளோடு போனேன். கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம். கோயில் வாசலில் நான் இறங்கியபோது பாடல் குழுவில் பாதிப் பேர் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கார் அதன் பிறகு ஓர் அடி நகரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதன் ஓட்டை வழியாக ஒரு செடி எட்டிப் பார்த்தது. புளி. கொட்டை எடுக்காதது மலிவு என்று வாங்கினேனே, அதன் விளைவு. பிடுங்கப் போனேன். "கையை வெச்சீங்க, அப்புறம் நான் பேசுவேன்" என்றாள் ரோஸ்லின். பிடுங்கவில்லை. இப்போது அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. காய்க்கவும் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "குடிங்க, இது காடிலேருந்து பறிச்சது" என்று ஆரம்பித்து, குரங்கு வசனம் வரை சொல்லி முடிப்பாள். என் மகளுக்கு ஜெபம் தெரிவதற்கு முன்பே அந்த வசனம் தெரியும்.

போன கிறிஸ்மஸ் காலை, பூசை முடிந்து வந்ததும் ரோஸ்லின் பட்டுப் புடவையோடே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த நிழலில் உட்கார்ந்தாள். நான் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன். மணி அண்ணன் வைத்த தகடு இன்னும் தாங்குகிறது.

"எடுங்க காடிய" என்றாள்.

 ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, பத்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "மன்னிச்சிரு ரோஸ்லின்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே கிளையில் ஒரு தடியன் உட்கார்ந்து புளியங்காயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அதுகிட்டயும் கேட்டுருங்க. முதல்ல ஏறுனது அதுதானே, அது சீட்டையும்தானே கெடுத்தீங்க."

மனைவியிடம் கேட்டாயிற்று. மணி அண்ணனிடம்கூட ஒருநாள் கேட்டுவிடுவேன். குரங்கிடம் முடியாது.